வேற்றுக்கிரகவாசியின் ரத்தத்தில் ‘96 சதவீதம் மனிதன்’ என்று வருமா?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர், 2 ஆகஸ்ட் 2025

20 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். வறண்டு கிடக்கும் பாலாற்று மணலில் ஒரு வேற்றுக்கிரகவாசி விழுந்து கிடக்கிறான். வேலூரில் ஒரு லேபில் அவன் ரத்தத்தைக் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் திரையில் ‘96 சதவீதம் மனிதன்’ என்று வருகிறது. இங்கிலீஷ் படங்களில் எல்லாம் இப்படித்தான் வருகிறது. இது நடக்கவே நடக்காது என்று என் தம்பி சண்டை போடுகிறான். நடக்குமா, நடக்காதா?

3 ஆகஸ்ட் 2025, இரவு 10.40

தம்பி சொல்வதுதான் சரி. ஆனால் அவர் என்ன காரணம் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. வேற்றுக்கிரகத்தில் டிஎன்ஏவே இருக்காது என்று சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிஎன்ஏ இருக்கலாம். 96 என்ற எண்தான் வராது.

நான் வேலூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன், இப்போது டிஎன்ஏவைப் பெருக்கித் தேடும் பிசிஆர் பிரிவில். எந்தப் படத்தில் இந்தக் காட்சி வந்தாலும் கதையை விட்டுவிட்டு மெஷினைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். ஒரு சொட்டு ரத்தம் விடுகிறார்கள். திரையில் இரட்டைச் சுருள் சுழல்கிறது. பக்கத்தில் மனிதனுடைய சுருள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று போய் உட்கார்ந்துகொள்கிறது.

இந்தச் சதவீதம் எதை அளக்கிறது? டிஎன்ஏ என்பது நான்கே வேதி எழுத்துகளில் எழுதிய நீண்ட வரிசை. சிம்பன்சிக்கும் நமக்கும் எழுத்துக்கு எழுத்து ஒற்றுமை சுமார் 98.8. ஒராங்குட்டானோடு 97. ரீசஸ் குரங்கோடு 93. ஏன் இப்படி இறங்கிக்கொண்டே போகிறது? சிம்பன்சியும் நாமும் பிரிந்து 60, 70 லட்சம் வருடம்தான் ஆகிறது. மற்ற இரண்டும் அதற்கும் முன்னால் பிரிந்து போனவை. எப்போது பாகம் பிரிந்தோம் என்பதற்கான கணக்கு அது. அதன்படி உங்கள் ஆள் ஒராங்குட்டானுக்கும் ரீசஸ் குரங்குக்கும் நடுவில் வந்து நிற்கிறான். அவன் வேற்றுக்கிரகத்துக்காரன் இல்லை, நம் பங்காளி. அவன் தாத்தாவுக்குத் தாத்தாவுக்குத் தாத்தா இந்தப் பூமியில் மரத்தில் தொங்கியிருக்க வேண்டும்.

4 ஆகஸ்ட், காலை 6.15

ஆரணியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: ‘அவனுக்கும் நான்கே எழுத்து, நமக்கும் நான்கே எழுத்து என்றால் ஓரளவாவது ஒத்துப்போகத்தானே வேண்டும்?’ நல்ல கேள்வி, ராத்திரி இதை யோசித்துக்கொண்டே படுத்தேன்.

நான்கு எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால்கூட நாலில் ஒன்று தற்செயலாகப் பொருந்தும். அந்த 25 சதவீதத்துக்குப் பொருள் எதுவும் கிடையாது. எழுத்து ஒன்றாக இருப்பது வேறு, சொல் ஒன்றாக இருப்பது வேறு.

என் பாட்டி வீட்டில் தெலுங்கு பேசுவார். நம் வடாற்காட்டில் இது அதிசயமில்லை. ஆனால் அவருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது, படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். சித்தூரில் இருந்த தங்கைக்குக் கடிதம் எழுதும்போது தெலுங்கை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுவார். சின்ன வயதில் அந்த இன்லண்ட் லெட்டரை நான்தான் தபால்பெட்டியில் போடுவேன். போடுவதற்கு முன் படித்துப் பார்ப்பேன். ஒவ்வோர் எழுத்தும் தெரியும், சத்தமாக வாசிக்கவும் முடியும், ஒரு வரியும் புரியாது. வேற்றுக்கிரகத்து டிஎன்ஏ நம் கையில் கிடைத்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதுவும் அதிர்ஷ்டம் இருந்து எழுத்தாவது ஒன்றாக அமைந்தால்.

டிஎன்ஏவில் மூன்று மூன்று எழுத்தாகச் சேர்ந்தது ஒரு சொல். மொத்தம் 64 சொற்கள். அவை புரதத்தைக் கட்டும் 20 அமினோ அமிலங்களையும் ‘நிறுத்து’ என்ற கட்டளையையும் குறிக்கின்றன. எந்தச் சொல்லுக்கு எந்த அமினோ அமிலம் என்ற அட்டவணை இருக்கிறதே, அதுதான் அகராதி. அந்த அட்டவணையை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று கணக்குப் போட்டால் ஒன்றுக்குப் பின்னால் 80 சுழியத்துக்கும் மேல் போகிறது. இன்னொரு கிரகத்தில் உயிர் தானாகத் தோன்றி, அதே அட்டவணைக்கு வந்து சேர்ந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

பூமியில் எல்லா உயிருக்கும் இந்த அட்டவணை ஒன்றேதான்.

4 ஆகஸ்ட், இரவு 9.50

மேலே கடைசி வரி தப்பு. நானே திருத்துகிறேன். நம் செல்லுக்குள் தனக்கென்று கொஞ்சம் டிஎன்ஏ வைத்திருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு அகராதி கொஞ்சம் வேறு. யுஜிஏ என்ற சொல் (டிஎன்ஏவின் நகலான ஆர்என்ஏவில் எழுதும் முறை இது) மற்ற இடத்தில் ‘நிறுத்து’. மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம். ஒரே உடம்புக்குள் இரண்டு அகராதி இருப்பதைப் பயிற்சிக்காலத்தில் படித்திருக்கிறேன், எழுதும்போது மறந்துவிட்டது.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். அட்டவணை முழுக்க முழுக்கக் குருட்டாம்போக்கும் இல்லை. ஓர் எழுத்து மாறிப்போனாலும் பெரும்பாலும் அதே அமினோ அமிலமோ அதைப் போன்ற ஒன்றோதான் வரும்படி அமைந்திருக்கிறது. பிழை நடந்தாலும் சேதம் குறைவு. இந்தக் காரணத்தால் வேற்றுக்கிரகத்து அட்டவணையிலும் இதே மாதிரி ஓர் ஒழுங்கு இருக்கலாம். அச்சு அசலாக இருக்காது, சாயல் இருக்கலாம். காலையில் நான் அடித்துப் பேசியதில் பாதியைத்தான் இப்போது பேசுவேன்.

6 ஆகஸ்ட், இரவு 11.20

இன்று லேபில் வேலை குறைவு, அதனால் குறும்படத்துக்காக ஒன்றை நிதானமாக எழுதுகிறேன்.

பிசிஆர் மெஷின் டிஎன்ஏவைத் தானாகப் படிப்பதில்லை. நாம் தேடச் சொன்னதை மட்டும் தேடும். பிரைமர் என்று சுமார் 20 எழுத்து நீளத்தில் சின்னத் துண்டுகளைப் போடுகிறோம். அந்த 20 எழுத்துக்கு ஜோடி சாம்பிளில் இருந்தால் பிரைமர் போய் ஒட்டும். ஒட்டினால் அந்த இடம் இரண்டாகும், நான்காகும், எட்டாகும். திரையில் கோடு மேலே ஏறும். ஜோடி இல்லையென்றால் 40 சுற்று ஓடினாலும் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும்.

2020, 2021-இல் கொரோனாவுக்கு ராப்பகலாக ஆர்டி-பிசிஆர் ஓட்டினோம். நிறைய கிட்களில் கொரோனாவைத் தேடும் பிரைமரோடு மனித மரபணு ஒன்றையும் தேட ஒரு பிரைமர் இருக்கும், ஆர்என்ஏஸ் பி என்ற மரபணு. கொரோனா இல்லையென்று வந்தால், உண்மையிலேயே இல்லையா, இல்லை குச்சி மூக்குக்குள்ளேயே போகவில்லையா என்று தெரிய வேண்டுமே, அதற்கு. மனித மரபணுக் கோடும் ஏறவில்லையென்றால் சாம்பிள் சரியில்லை, திரும்ப எடுங்கள் என்று எழுதி அனுப்புவோம்.

உங்கள் ஆளுக்கும் அந்தப் பதில்தான் வரும். 96 சதவீதமும் வராது, 0 சதவீதமும் வராது. ‘சாம்பிள் சரியில்லை.’

7 ஆகஸ்ட், காலை 7.05

ஒருவேளை மனித டிஎன்ஏ வந்தே விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் சந்தேகம் சாம்பிள் எடுத்தவர் மேல்தான். கையுறை போட்டிருந்தாரா? முகக்கவசம்? தும்மினாரா?

இது சாதாரண விஷயமில்லை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒருநாள் சாம்பிள்களை விடும் பிளேட்டில் வெறும் தண்ணீர் விட்ட குழியிலும் கோடு ஏறிவிட்டது. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏறினால் அந்த பிளேட் முழுவதும் குப்பை. அன்றைக்கு ஓட்டிய அத்தனை பேருடைய முடிவையும் நிறுத்திவைத்துத் திரும்ப ஓட்டினோம். ஹூட், பைப்பெட், மேஜை எல்லாவற்றையும் துடைத்து முடிக்க விடிந்துவிட்டது. வெளியில் வரிசையில் நின்றவர்களிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லும்போது மனசு சங்கடப்பட்டது. அதிலிருந்து எந்த முடிவைப் பார்த்தாலும் முதலில் தண்ணீர்க் குழியைத்தான் பார்ப்பேன். படத்து விஞ்ஞானிகளில் ஒருவர்கூட அதைப் பார்த்து நான் கண்டதில்லை.

7 ஆகஸ்ட், இரவு 10.00

‘பிரைமர் இல்லாமலே படிக்கும் மெஷின்கள் இருக்கின்றனவே’ என்று காட்பாடியிலிருந்து ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். உண்மை. நானோபோர் என்ற கருவியில் டிஎன்ஏ இழை நூல் கோப்பது போல ஒரு நுண்ணிய துளை வழியாகப் போகும், ஒவ்வோர் எழுத்துக் கூட்டத்துக்கும் மின்னோட்டம் கொஞ்சம் மாறும், அதை வைத்து எழுத்தைச் சொல்லும். அவன் டிஎன்ஏவும் நம் வேதியியலில் இருந்தால் படிக்க வாய்ப்பு உண்டு. எழுத்தே வேறாக இருந்தால் மெஷின் தனக்குத் தெரிந்த நான்கில் ஒன்றை வலுக்கட்டாயமாகச் சொல்லும். தவறு என்று அதற்குத் தெரியாது.

வேறு எழுத்து இருக்க முடியுமா என்றால், இருக்க முடியும். 2014-இல் அமெரிக்காவில் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் இரண்டு புது எழுத்துகளைச் சேர்த்து ஆறெழுத்து டிஎன்ஏவோடு வளர்த்தார்கள். 2019-இல் எட்டெழுத்து டிஎன்ஏவைச் சோதனைக்குழாயில் செய்தார்கள், ‘ஹாச்சிமோஜி’ என்று ஜப்பானியப் பெயர். நான்கு என்ற எண்ணில் தெய்வீகம் எதுவும் இல்லை என்பதற்கு இது போதும்.

9 ஆகஸ்ட், இரவு 11.45

‘பிரமிதியஸ்’ (2012) பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அந்தப் படத்தில் வெளுத்த, முடியில்லாத, ராட்சத உருவமுள்ளவர்களின் டிஎன்ஏ மனித டிஎன்ஏவோடு பொருந்துகிறது. ‘நம்மைப் படைத்தவர்கள் அவர்கள்தான், அதனால் பொருந்துகிறது, இதில் ஓட்டை இல்லை’ என்பது ஒரு வாசகரின் வாதம்.

ஓட்டை இருக்கிறது. அவர்கள் எப்போது விதைத்தார்கள்? பூமியில் உயிர் தொடங்கிய காலத்தில் என்றால் அதற்குப் பின் 350 கோடி வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டன. இவ்வளவு காலத்தில் எழுத்துகள் மாறிமாறி ஈஸ்ட், கத்திரிச்செடி, நண்டு, மாடு, மனிதன் எல்லாம் பிரிந்து வந்திருக்கின்றன. விதைத்தவனோடு அகராதி ஒன்றாக இருக்கலாம். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்காது. இருந்தால் ஈஸ்டோடு அவனுக்கு உள்ள உறவைவிட நம்மோடு உள்ள உறவு ஏன் நெருக்கம் என்று சொல்ல வேண்டும்.

சரி, மனிதனை மட்டும் சமீபத்தில் தனியாகச் செய்து இறக்கினார்கள் என்றால்? அப்போது நாம் சிம்பன்சியோடு பொருந்தக்கூடாது. பொருந்துகிறோமே, 98.8. ஒரே ஆள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அளவு பங்காளியாக முடியாது.

விதைத்தது என்ற எண்ணத்தை மட்டும் நான் கிண்டல் செய்ய மாட்டேன். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் லெஸ்லி ஆர்கெலும் சேர்ந்து 1973-இல் இதையே ஒரு கட்டுரையாக எழுதினார்கள், வேறோர் அறிவுள்ள இனம் நுண்ணுயிர்களை வேண்டுமென்றே அனுப்பியிருக்கலாம் என்று. எல்லா உயிருக்கும் அகராதி ஏன் ஒன்றாக இருக்கிறது என்ற கேள்விதான் அவர்களையும் அங்கே கொண்டுபோய் விட்டது. அவர்கள் சொன்னது நுண்ணுயிர். மனிதன் இல்லை.

10 ஆகஸ்ட், மதியம் 2.30

‘அகராதி ஒன்று என்பதால் என்ன பயன்?’ என்று கேட்டவருக்கு: வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலின். மனித இன்சுலின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்தால் அது நமக்கான இன்சுலினைச் செய்கிறது. என் அம்மா தினமும் போட்டுக்கொள்கிறார்.

இன்னொன்று, நம் வயலிலேயே. 2002-இல் அனுமதி பெற்ற, மரபணு மாற்றிய பிடி (Bt) பருத்திக்குள் இருப்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு. அதே வழியில் பிடி கத்திரியும் வர இருந்தது, 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார்கள். அது வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம், அதை இங்கே இழுக்கவில்லை. பாக்டீரியாவின் மரபணுவைச் செடி படிக்கிறது, அது போதும். ஆனால் அப்படியே வைத்தால் செடி சரளமாகப் படிக்காது. ஒரே அமினோ அமிலத்துக்கு ஆறு சொல்கூட உண்டு. பாக்டீரியாவுக்குப் பழகியது ஒன்று, செடிக்குப் பழகியது வேறு. அதனால் பொருளை மாற்றாமல் சொல்லை மட்டும் மாற்றி எழுதிக் கொடுக்கிறார்கள். திருநெல்வேலிக்காரர் பேச்சை வேலூர்ப் பேச்சில் மாற்றிச் சொல்வது போல. ஒரே மொழிக்குள்ளேயே இவ்வளவு வேலை.

இலவம்பாடி முள்ளுக் கத்திரியைப் பற்றியும் ஒருவர் எழுதியிருந்தார் (புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது, எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு அதற்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் கட்சி). ‘சுண்டைக்காய்ச் செடியில் கத்திரியை ஒட்டுக் கட்டுகிறார்களே, அப்படி மனிதனோடு ஏலியனை ஒட்டினால்?’ என்கிறார். ஒட்டுக் கட்டினால் மரபணு கலக்காது. வேர் சுண்டைக்காயாகவே இருக்கும், மேலே காய்ப்பது கத்திரியாகவே இருக்கும், நடுவில் நீரும் சத்தும் போய் வரும். அதுகூட ஏன் பிடிக்கிறது என்றால் சுண்டையும் கத்திரியும் ஒரே சொலானம் பேரினம். கத்திரியைப் புளியமரத்தில் ஒட்டிப் பாருங்கள், ஒரு வாரத்தில் காய்ந்துவிடும்.

குழந்தை பிறப்பது அதைவிடக் கடினம். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. இரண்டும் சேர்ந்தால் 63-ஓடு கோவேறு கழுதை பிறக்கும், அனேகமாக அதற்குக் குட்டி பிறக்காது. பக்கத்து வீட்டு உறவுக்கே இந்த நிலை. பல படங்களில் கிரகம் விட்டுக் கிரகம் காதல் வருகிறது. காதல் வரட்டும். பிள்ளை வராது.

12 ஆகஸ்ட், இரவு 12.10

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஊசி போட்ட சில நிமிடத்தில் மனிதன் வேற்றுக்கிரக உருவமாக மாறும் காட்சிகளை என்னால் சும்மா பார்த்துவிட்டுப் போக முடிவதில்லை. காரணம் என் குடும்பம். என் தாய்மாமாவுக்கு ஹீமோஃபிலியா. ரத்தம் உறைய வேண்டிய எட்டாவது காரணி அவர் உடம்பில் உருவாகவில்லை. 19 வயதில் போய்விட்டார். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அம்மா சுமந்தார், எனக்கு வரவில்லை, அக்கா சுமந்தாள், அக்கா மகனுக்கு வந்திருக்கிறது. பையனுக்கு இப்போது 11 வயது. விளையாடிவிட்டு வந்தால் முழங்காலைத் தொட்டுப் பார்ப்போம், சூடாக இருக்கிறதா என்று. மூட்டுக்குள் ரத்தம் கசிந்தால் முதலில் சூடுதான் தெரியும்.

இதே வேலூரில், சிஎம்சி மருத்துவமனையில், ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். ரத்தம் உருவாக்கும் ஸ்டெம் செல்களை அவர்களிடமிருந்தே எடுத்து, லென்டிவைரஸ் என்ற வைரஸை வாகனமாக்கி, எட்டாவது காரணியின் மரபணுவை உள்ளே வைத்து, மஜ்ஜையில் இடம் காலியாக மருந்து கொடுத்து, செல்களைத் திருப்பி ஏற்றினார்கள். ஏற்றிய செல் மஜ்ஜையில் வேர் பிடிக்க வேண்டும், அதிலிருந்து புது ரத்தம் பிறக்க வேண்டும், அந்தப் புது ரத்தம் காரணியைச் செய்ய வேண்டும். அதற்கு நாள்கணக்காக ஆகும். ஐந்து பேருக்கும் அதன்பின் கண்காணித்த காலத்தில் ரத்தக்கசிவு இல்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஒரே ஒரு மரபணு, மனிதனுடையது, மனிதனுக்குள், அதுவும் ரத்தம் உருவாக்கும் செல்லில் மட்டும். இதற்கே இத்தனை பேருடைய இத்தனை வருட உழைப்பு. உடம்பு முழுவதும் ஒரே ராத்திரியில் மாறுகிறது என்று காட்டும்போது, வீட்டைக் கட்டி முடித்தபின் வரைபடத்தைத் திருத்தினால் சுவர் தானாக நகரும் என்கிறார்கள். மரபணு மாறினாலும் ஏற்கெனவே வளர்ந்த எலும்பு எலும்புதான்.

ஆனால் ஒன்றைப் படங்கள் சரியாகப் பிடித்திருக்கின்றன: வைரஸ் மரபணுவைச் சுமந்து வரும் என்பதை. மனித மரபுத்தொகுதியில் ஏறக்குறைய 8 சதவீதம் பழைய வைரஸ்கள் விட்டுச்சென்றது. நஞ்சுக்கொடி உருவாக உதவும் சின்சிட்டின் என்ற புரதத்தின் மரபணுவே ஒரு பழைய வைரஸிடமிருந்து வந்தது. நாம் ஒவ்வொருவரும் அம்மா வயிற்றில் வளர அதுவும் வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வந்த மரபணு வேண்டுமென்றால் அது ஆகாயத்திலிருந்துதான் விழ வேண்டும் என்றில்லை.

13 ஆகஸ்ட், காலை 6.40

நேற்றைய குறிப்புக்கு வந்த பதில்களுக்கு நன்றி. பையன் நன்றாக இருக்கிறான். அந்தச் சிகிச்சை இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது, பெரியவர்களுக்குத்தான் செய்தார்கள். விசாரித்து எழுதியவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

15 ஆகஸ்ட், மாலை 5.00

‘ஸ்பீஷீஸ்’ (1995) படத்தில் கப்பல் எதுவும் வராது, ரேடியோவில் டிஎன்ஏ செய்முறைதான் வரும், அது நம்பும்படி இருக்கிறது என்கிறார் ராணிப்பேட்டை வாசகர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பொருளை அனுப்புவதைவிடத் தகவலை அனுப்புவது சுலபம்தான்.

நாமும் அனுப்பியிருக்கிறோம். 1974 நவம்பரில் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து சுழியமும் ஒன்றுமாக 1679 துணுக்குகள் கொண்ட ஒரு செய்தி போனது. அதில் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், பாஸ்பரஸ் ஐந்தும், டிஎன்ஏவின் வேதியியல் கூறுகளும், இரட்டைச் சுருள் வடிவமும் உண்டு. மனித டிஎன்ஏவின் நீளம் என்று அப்போது நினைத்த 400 கோடிச் சொச்சத்தையும் சேர்த்தார்கள், உண்மையில் 300 கோடிச் சொச்சம். அட்டவணையை மட்டும் அனுப்பவில்லை. எந்தச் சொல்லுக்கு எந்த அமினோ அமிலம் என்று தெரியாத ஒருவரால் நமக்குள் வேலை செய்யும் மரபணுவை எழுத முடியாது. எழுத்து வடிவங்களை மட்டும் காட்டிவிட்டு, எங்கள் மொழியில் ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்பது போல.

நாமே அந்த அட்டவணையைக் கண்டுபிடிக்க ஐந்து வருடம் ஆனது. 1961-இல் நிரன்பெர்க் என்ற விஞ்ஞானி முதல் சொல்லைப் பிடித்தார். பின்னர் ஹர் கோவிந்த் கொரானா ஆர்என்ஏவை வேண்டிய வரிசையில் கட்டிக் கட்டிப் பார்த்தார். 1966 வாக்கில் 64-ம் தெரிந்தது, 1968-இல் நோபல். இத்தனைக்கும் மேஜையில் உயிருள்ள செல்லிலிருந்து எடுத்த சாறு இருந்தது. படத்து விஞ்ஞானி ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுகிறார்.

17 ஆகஸ்ட், இரவு 10.15

வைரஸ் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், ‘அப்படியென்றால் நம் கிருமி அவர்களை ஒன்றும் செய்யாது, அவர்கள் கிருமி நம்மை ஒன்றும் செய்யாது’ என்று முடித்துவிட்டார். நானும் ஆமாம் என்று பதில் போட்டுவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

வைரஸுக்கு அது பொருந்தும். வைரஸ் நம் செல்லின் அகராதியைக் கடன் வாங்கித்தான் பெருகும். அகராதி வேறென்றால் அது வெறும் தூசி. பூஞ்சணத்துக்கு அகராதி தேவையில்லை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் மண்டியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மழைக்காலத்தில் தோலில் பூத்துவிடும். அது ஆடா மாடா என்று பூஞ்சணம் கேட்பதில்லை. புரதமும் ஈரமும் இருந்தால் போதும். வேற்றுக்கிரக உடம்பும் அதற்கு ஒரு ஈரத்தோல்தான்.

அங்கேயும் ஒரு தடை உண்டு. அமினோ அமிலத்துக்கு இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு. பூமியில் புரதம் எல்லாம் இடக்கை. அவன் உடம்பு வலக்கை என்றால் பூஞ்சணத்தின் நொதிகளுக்கு அது அனேகமாகச் செரிக்காது. அவன் நம்மைத் தின்றாலும் அவனுக்குச் சத்து சேராது, வயிறு நிறைந்தும் பட்டினி. சர்க்கரையிலும் இப்படித்தான், நம் குளுக்கோஸின் மறுகை வடிவம் இனிக்கும், ஆனால் உடம்பு அதை எரித்துக்கொள்ளாது.

அப்போது எதிர்க்கை நுண்ணுயிரால் ஆபத்தே இல்லையா? 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் சேர்ந்து எதிர்க்கை பாக்டீரியாவை யாரும் செய்யாதீர்கள் என்று எச்சரித்தார்கள். நம் நோயெதிர்ப்பு அதை அடையாளம் காண முடியாமல் போகலாம், அது இடக்கை வலக்கை என்ற பேதமே இல்லாத எளிய சத்துகளைத் தின்று பெருகலாம் என்பது பயம். படிக்கும்போது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. படம் எடுக்கிறவர்கள் பல்லும் வாலும் வைத்த மிருகத்தை விட்டுவிட்டு இதை எடுக்கலாம்.

18 ஆகஸ்ட், காலை 6.30

‘7ஆம் அறிவு’ படத்தில் வருவது போல முன்னோரின் திறமை டிஎன்ஏ வழியாகத் திரும்ப வருமா என்று கேட்டவருக்கு: வராது. கற்றுக்கொண்டது டிஎன்ஏவில் எழுதப்படுவதில்லை. பாட்டியின் தெலுங்கு எனக்கு வந்திருக்க வேண்டுமே. மாமாவின் நோய் வந்த வழியில் மொழி வராது.

24 ஆகஸ்ட், இரவு 9.30

நேற்று அக்கா மகனை அழைத்துக்கொண்டு வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானாய்வுக்கூடத்துக்குப் போனோம். ஜவ்வாது மலையில் அந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியின் வெள்ளைக் குவிமாடம் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. 1977 மார்ச்சில் யுரேனஸுக்கு வளையம் இருப்பதைப் பிடித்த தொலைநோக்கிகளில் இங்கே உள்ள ஒரு மீட்டர் கருவியும் ஒன்று என்று சொன்னேன். அவனுக்கு யுரேனஸில் அக்கறை இல்லை. ‘இதில் ஏலியன் தெரியுமா மாமா?’ என்றான்.

தெரியாது. ஆனால் நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அங்கே கார்பன் இருப்பது தெரியும், ஆக்சிஜன் தெரியும், நம்மிடம் உள்ள அதே அணுக்கள். கல்லிலும் வருகிறது. 1969-இல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் ஏராளமான அமினோ அமிலங்கள். 2023-இல் பென்னு என்ற சிறுகோளிலிருந்து பூமிக்கு வந்த மண்ணில், நம் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன, டிஎன்ஏ ஆர்என்ஏ இரண்டின் ஐந்து எழுத்துகளும் (ஆர்என்ஏவில் ஓர் எழுத்து மட்டும் வேறு) இருந்தன. 2025 ஜனவரியில்தான் அது வெளியானது. ஆனால் அவற்றில் இடக்கையும் வலக்கையும் ஏறக்குறைய சரிபாதி. செங்கலும் மணலும் எங்கும் கிடைக்கிறது. எந்தக் கையை வைத்துக் கட்டுவது, எந்த அகராதியில் எழுதுவது என்பதெல்லாம் ஒவ்வோர் இடத்திலும் தனியாக நடந்திருக்க வேண்டியது. முதல் குறிப்பில் டிஎன்ஏ இருக்கலாம் என்று சொன்னேனே, இந்தப் பென்னு மண்தான் காரணம்.

இறங்கும்போது வண்டியிலேயே தூங்கிவிட்டான். முழங்கால் சூடாக இல்லை.

30 ஆகஸ்ட், இரவு 11.00

குடியாத்தம் நண்பர் காட்சியை மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறார், எனக்கு ரொம்பச் சந்தோஷம். 96 சதவீதம் என்ற வசனம் போய்விட்டது. ஆனால் அந்த எண்ணை விட மனசில்லை என்கிறார். விட வேண்டாம். பிசிஆர் பிளேட்டில் குழிகள் 96-தான், எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு.

காட்சியை இப்படி வையுங்கள். ராத்திரி ஷிஃப்ட். ஒரு பெண் டெக்னீஷியன். 94 குழியில் மனித மரபணுக் கோடு ஏறுகிறது, ஒவ்வொன்றாக, 24-ஆவது சுற்றில் சில, 26-இல் சில. இரண்டு கோடு மட்டும் தரையில் கிடக்கிறது. ஒன்று தண்ணீர்க் குழி, அது ஏறக்கூடாது. இன்னொன்று அவன். பைப்பெட்டில் எடுக்காமல் விட்டுவிட்டேனோ என்று முதலில் தன்னைத்தான் சந்தேகப்படுவாள். டியூபை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். ரத்தம் இருக்கிறது. திரும்ப ஓட்டுவாள். திரும்பவும் அதே இரண்டு கோடு.

வசனம் வேண்டாம். பழைய பிளேட்டும் ஓட்டி முடித்த ஸ்ட்ரிப்பும் என்னிடம் இருக்கின்றன, சுத்தம் செய்து தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காட்பாடி பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே ஒட்டும் ஃபிலிமை ஓரத்திலிருந்து அழுத்தித் தேய்க்க அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுங்கள், நடுவிலிருந்து தேய்த்தால் காற்று நிற்கும்.